பெர்னார்ட் அள்ளிவந்த மண்

எழுபத்தைந்தில் மலேசியாவில் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஒரு டின் பால் ஒரு வெள்ளி இருபது காசுக்குக் கிடைத்தது. டின்மேல் மாட்டுப் படம் போட்டிருக்கும். மனைவி ஐவி பிரசவத்தில் இறந்து பத்து காஜா ஊர்க் கல்லறையில் அடக்கமானபின், பெர்னார்ட் அதைத்தான் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தான். பிள்ளை வாய் வைக்கவில்லை. பதினோராம் நாள் அதை, குடியிருந்த தோட்டத்திலேயே ஒரு ரப்பர் மரத்தடியில் புதைத்தார்கள்.

ஒன்பது வருஷம் கழித்துத் தோட்டம் விலைபோனது. புல்டோசர் வருவதற்கு முதல்நாள், பெர்னார்ட் அந்த இடத்து மண்ணை அள்ளிவந்து, தான் வேலை பார்க்கும் ஈப்போ ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு வைத்தான். மண்ணில் உயிரோடிருப்பவற்றை அவற்றின் கொழுப்பைக்கொண்டு அடையாளம் காட்டும் சோதனை அது. செத்ததன் கொழுப்பு சில நாளில் அழிந்துவிடும். பிள்ளைக்குத் துணையாக அங்கே உயிருள்ளது எதுவும் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முடிவுத்தாளைப் பார்த்து, உடன் வேலை செய்யும் ஸ்டானிஸ்லாஸ் சிரித்தான். "என்னண்ணே, மண்ணுல கோப்பிய கொட்டிட்டீங்களா? பால் காட்டுது."

"நான் குடிக்கிறது கோப்பி-ஓ லா. அதுல ஏது பாலு?"

ஸ்டானிஸ்லாஸ் இன்னொரு தரம் பார்த்தான். சிரிப்பு நின்றது. "மாட்டுப் பால் இல்லண்ணே, தாய்ப்பால். நேத்து சிந்துன மாதிரி புதுசா இருக்கு."

பெர்னார்ட் பென்சிலை எடுத்துக் கூட்டினான். பாக்டீரியா அறுபத்திரண்டு சதவீதம், பூஞ்சை முப்பது, தாய்ப்பால் எட்டு. மொத்தம் நூறு. மிச்சம் ஒன்றுமில்லை.