அடிக்காத பெனால்டி

பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் போனான் கிஷோபன். ஓடி வந்து அடிக்க வேண்டியவன் அப்படியே நின்றான்.

பிறகு மெல்ல நடந்து வந்து பந்தைக் கையில் தூக்கினான். நேரே எதிரணிக் கோல்கீப்பரிடம் போய் அதைக் கொடுத்தான். அவன் தோளை ஒருதரம் அணைத்துவிட்டு மைதானத்தை விட்டே வெளியேறிவிட்டான்.

பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா யேசுதாசனால் நம்பவே முடியவில்லை.

ஆட்டம் சமநிலையில், முடியப்போகிற நேரம். அவர் மகனைப் பார்க்கவென்றே பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் வந்திருந்தது. அந்த மனிதர் தலையை ஆட்டியபடி எழும்பிப் போனதையும் யேசுதாசன் தன் கண்ணாலேயே பார்த்தார்.

காரில் ஏறி வீட்டுக்குப் போகும் எம்மன்புரூக்கே றோட்டைப் பிடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. ஆட்டம் முழுக்கக் கத்தியதில் தொண்டையும் கட்டிப்போயிருந்தது.

"உனக்கென்ன விசரோ?"

கிஷோபன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தொழிற்சாலையிலை நிண்டு முறிஞ்சுபோட்டு, மழை பனி பாராமல் உன்னை ஏத்தி இறக்கினது இதுக்கோ? பந்தை எடுத்து அவனிட்டைக் குடுக்கிறாய்! அவன் ஆர் உனக்கு?"

"மொயீஸ். என்னோடை படிக்கிறவன். என்ரை சிநேகிதன்."

"சிநேகிதன் எண்டால் விட்டுக் குடுக்கிறதோ? அவன் கேட்டவனோ?"

"அவன் ஒண்டும் கேக்கேல்லை அப்பா. நான் அடிக்கப் போகேக்கை, பாக்க வந்த ஆக்களுக்குள்ளை இருந்து ஒருத்தர் அவன்ரை நிறத்தைச் சொல்லிக் கத்தினார். எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது. அவன்ரை முகத்தைப் பாத்தன்."

"அதுக்கு?"

"நான் கோல் அடிச்சிருந்தால், கத்தின அந்த ஆள் எனக்குக் கை தட்டியிருப்பார். அந்தக் கைதட்டு எனக்கு வேண்டாம்."

யேசுதாசனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒரு விசரன் கத்தினால் காதிலை போடாமல் விளையாடுறதுதானே?"

"ஒருநாள் எண்டால் காதிலை போடாமல் விடலாம். ரெயினிலை எல்லாரையும் விட்டிட்டு அவனிட்டைத்தான் முதல் ரிக்கற் கேப்பினம். கடைக்குள்ளை போனால் பின்னாலை ஒராள் வரும். வேலை பழக இடம் கேட்டு எழுதினால், படத்தைப் பாத்திட்டே இல்லை எண்டுவினம். தாய் தகப்பன்தான் கொங்கோ. அவன் என்னைப் போலை இஞ்சை பிறந்தவன். போன மாரி முழுக்க அவன் வகுப்புக்கே வரேல்லை. கிளினிக்கிலை இருந்தவன்."

"என்ன வருத்தம்?"

கிஷோபன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இனி உயிரோடை இருக்க விருப்பமில்லை எண்டு தாயிட்டைச் சொல்லியிருக்கிறான். சொன்னபடியால்தான் தாய் கூட்டிக்கொண்டு போனவ. நான் ஒவ்வொரு கிழமையும் போய்ப் பாத்தனான். இண்டைக்குத்தான் திரும்ப விளையாட வந்தவன். இண்டைக்கே அவனுக்கு இது நடக்குது."

யேசுதாசன் காரை ஓரமாக நிறுத்தினார்.

"நான் வந்த புதுசிலை தொழிற்சாலைச் சாப்பாட்டறையிலை நான் இருக்கிற மேசையிலை ஒருத்தரும் இருக்கமாட்டினம். நாறுது எண்டு மூக்கைப் பொத்துவாங்கள். என்ரை பேரைக்கூடச் சொல்லிக் கூப்பிடமாட்டாங்கள். விடியக் கண் முழிக்கவே விருப்பமில்லாமல் கிடந்திருக்கிறன். உன்ரை அம்மாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை."

கிஷோபன் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினான்.

சடாரென்று காரைத் திருப்பினார் யேசுதாசன்.

"எங்கை அப்பா?"

"கிரவுண்டுக்கு. கத்தினவன் ஆரெண்டு பாக்காமல் விடமாட்டன். அண்டைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது காணும்."

"வேண்டாம் அப்பா. விடுங்கோ."

"என்ன விடுறது? பயமோ? எந்தப் பெரிய கொம்பனாக இருந்தாலும் சரி, சட்டையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பெடியனிட்டை மன்னிப்புக் கேக்க வைப்பன்!"

கிஷோபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரி. போவம். நீங்களே அவனிட்டைக் கேளுங்கோ."

மைதானத்தில் சனம் கலைந்துவிட்டது. உடை மாற்றும் அறைக்கு வெளியே ஒரு மர வாங்கில் மொயீஸ் தனியே இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கிஷோபன் போய் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

யேசுதாசன் மொயீஸின் முன்னால் போய் நின்றார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்: "தம்பி, நான் கிஷோபனின் அப்பா. யாரோ உன்னைப் பார்த்துக் கத்தினானாம். அவன் யாரென்று எனக்குக் காட்டு. பயப்படாதே. நான் உன் பக்கம்."

"எனக்குப் பயமில்லை," என்றான் மொயீஸ். சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். யேசுதாசனைவிட ஒரு தலை உயரம். "யாரென்றும் எனக்கு நன்றாகத் தெரியும்."

"அப்படியென்றால் சொல்லு!"

கிஷோபனும் எழும்பி அவனோடு தோளுக்குத் தோள் நின்றான்.

மொயீஸ் யேசுதாசனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தான். அடுத்து அவன் பேசியது ஜெர்மன் இல்லை. சின்ன வயதில் ஓர்லிகோனில் தமிழ்ப் பெடியளோடு ஒரே மாடிக் கட்டிடத்தில் வளர்ந்தவனின் தெளிவான யாழ்ப்பாணத் தமிழ்.

"'அந்தக் கறுத்தக் குரங்குக்குக் காட்டடா மகனே' எண்டு கத்தினது நீங்கள்தான், அங்கிள்."