சாயங்காலம் பேசாத ரேடியோ

காலையில் செய்தி சொல்கிற ரேடியோ, சாயங்காலமானால் வாயைத் திறப்பதில்லை. முன்பக்க விளக்கு மட்டும் எரியும்.

“மெர்டேக்கான்னு நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்னைக்கு இந்தத் தெருவே நம்ம வாசல்ல நின்னு கேட்டுச்சு. இப்ப என்ன கேடு இதுக்கு?” கலியாணசுந்தரம் அதன் தலையில் தட்டினார். “ஈரத்துணி போட்டுத் துடைச்சியா?”

“நான் ஏங்க ஈரத்துணி போடப் போறேன்?” என்றாள் சந்திரமதி.

“வேலை விட்டு வந்து நான் ஒரு பாட்டுக் கேட்டா உனக்குப் பொறுக்காது. இன்னைக்கும் பேசலேன்னா, வந்த விலைக்குத் தள்ளிடுவேன்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மத்தியானம், பண்டார் ஹிலிர் கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருக்கும் தேவதாஸ் பையோடு வந்து நின்றான்.

“ரேடியோ பார்க்கச் சொன்னாங்கக்கா.”

“வேணாம் தம்பி. காலையில நல்லாத்தான் பேசுச்சு.”

“சாயங்காலம் பேசாதாமே?”

“அதுக்குள்ள உன்கிட்ட சொல்லிட்டாரா!” வழிவிட்டு நின்றாள்.

பின் அட்டையின் திருகாணிகள் விரலாலேயே கழன்று வந்தன. உள்ளே எல்லாம் தூசி. ஒரே ஒரு கண்ணாடி வால்வு மட்டும் துடைத்துவைத்தது போல மின்னியது.

“இதுக்கு ஒண்ணும் இல்லக்கா. யாரோ இந்த வால்வைத் தினமும் கழற்றி மாட்டுறாங்க.”

சந்திரமதி போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“அண்ணன் மேல கோவம்னா சோத்துல உப்பைக் கூட்டுங்க. ரேடியோ என்ன பண்ணிச்சு?”

அவள் சிரிக்கவில்லை. “மெதுவாப் பேசு தம்பி. நடுவுல பலகைச் சுவருதான். பக்கத்து வீட்டு ஹலீமா அக்காவுக்குக் கேக்கும்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவங்க மகன் உமர், காட்டுக் காவலுக்குப் போய்க் குண்டடி பட்டுச் செத்துப்போனானே, தெரியுமில்ல? சாயங்காலப் பாட்டுக்கு இங்கதான் வந்து உக்காருவான். அக்கா வேலிகிட்ட வந்து, ‘உமரு, சோறு ஆறுது, வா’ன்னு கூப்பிடுவாங்க.”

“ம்.”

“அவனை அடக்கம் பண்ணினப்புறம் ஒரு நாள் இவரு பாட்டு வச்சாரு. சத்தம் கேட்டதும் அக்கா வேலிகிட்ட வந்துட்டாங்க. அதே மாதிரி கூப்பிட்டாங்க. மறுநாளும் வந்தாங்க. எனக்குத் தாங்கல தம்பி. அதான் சாயங்காலத்துல கழற்றிடுறேன். காலையில மாட்டிடுவேன்.”

“அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நம்ம வீட்டுல நாம பாட்டுக் கேக்கக் கூடாதான்னு சண்டைக்கு வருவாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இது இனிமே தேறாதுன்னு நீயே அவருகிட்ட சொல்லிடு. வித்தாலும் விக்கட்டும். அந்த அம்மா மறக்கணும்.”

தேவதாஸ் வால்வை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

“அண்ணன் என்கிட்ட வரவே இல்லக்கா. ஹலீமாம்மாதான் இந்த வெயில்ல கடைக்கு நடந்து வந்தாங்க. ‘பக்கத்து வீட்டு ரேடியோவை எப்படியாவது சாயங்காலத்துல பேச வச்சிடு தம்பி. அது பாடுறப்பதான் எம்மவன் பேரை வாய்விட்டுக் கூப்பிட முடியுது’ன்னாங்க.”