எதிர்க்காற்று

நான்கு ஐம்பதுக்கெல்லாம் கணவர் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். எதிர்க்காற்று இன்று லீவு போலிருக்கிறது.

கணக்கு டீச்சர் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மனிதர். வெள்ளிக்கிழமைதோறும் மூன்றரைக்கு, விமானத்தில் ஏறிவிட்டதாக போன் வரும். ஏழரைக்கு வீட்டு வாசலில் நிற்பார். ஏன் இவ்வளவு நேரம் என்றால், மேலே எதிர்க்காற்று என்பார். பாவம், ஒன்றரை வருடமாக ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்தக் காற்று ஓயவில்லை.

அவளும் நம்பினாள். பதினோரு வருடமாகத் தூரம், வேகம், நேரம் நடத்துகிறவள்.

போன வாரம், தேர்வுக்குக் கேள்வி யோசிக்கச் சோம்பல்பட்டு அவர் வரும் வழியையே கொடுத்துவிட்டாள். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே 650 கிலோமீட்டர். மணிக்கு 600 கிலோமீட்டர் வேகம். பயண நேரம் என்ன?

ஒரு மணி ஐந்து நிமிடம். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் சரியாக எழுதியிருந்தார்கள். தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

இங்கிருந்து வீட்டுக்கு டாக்சியில் முக்கால் மணி. மிச்சம் இரண்டு மணி நேரம் யாரோடு?

அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து உடுத்தியதில்லை.

அவர் டாக்சி வரிசையைத் தாண்டி நடந்தார். மூடிக்கிடந்த கடையோரம், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார்.

ஓகோ, இடம் வேறு பிடித்து வைக்கிறாரா.

ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. ஒருத்தியும் வரவில்லை.

போன் போட்டுப் பார்த்தாள். அணைத்து வைத்திருந்தார். விமானத்தில் இருப்பவர் அப்படித்தானே வைத்திருக்க வேண்டும். விதிகளை மதிக்கிற மனிதர்.

ஒருத்தி வந்திருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஒரு நாற்காலியோடு என்ன சண்டை போடுவது?

போன வெள்ளிக்கிழமை அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் குழாய் ஒழுகுவதை அவள் சொல்லியிருந்தாள். மாமியார் முழங்கால் வலியைச் சொன்னார். பெரியவன் மார்க் அட்டையை நீட்டினான். சின்னவன் முதுகில் ஏறினான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆனாலும் விடுவதாக இல்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

போன் அடித்தது. மாமியார்.

"எங்கேம்மா இருக்கே? சின்னவன் படுத்தி எடுக்கிறான், குழாய் ரிப்பேர்காரன் வேற வந்து நிக்கிறான்."

அவள் கணவரைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டைவிரல்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.

"ஸ்கூல்ல மீட்டிங் அத்தை. முடிய ஏழு மணியாயிடும்."

மாமியார் சந்தேகப்படவில்லை. புதன்கிழமை மீட்டிங்கை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்களா என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை எந்த மீட்டிங்கும் நடப்பதில்லை. எட்டு மாதமாக அன்று மாலைகளில், காலி வகுப்பறையின் கடைசி பெஞ்சில் டீச்சர் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள்.

"ஆமாம் அத்தை," என்றாள்.

பிறகு, கணவர் கண்ணில் படாத ஒரு நாற்காலியாகத் தேடிப் போனாள்.