தினமும் கால் கிராம்

வயல் நத்தையின் ஓட்டைச் சுட்டு, பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, எலும்பு உடைந்த இடத்தில் நிரப்பும் கால்சியம் பாஸ்பேட் நுண்தூளை மாலதி தஞ்சாவூர் ஆய்வகமொன்றில் தயாரித்தாள். ஓடுகளைத் தன் வயலில் பொறுக்கிவருபவர் உதவியாளர் ரெத்தினம். அங்கேதான் அறுவடை இயந்திரத்தில் இடது சுண்டுவிரலை இழந்திருந்தார்.

பத்து நாளாகத் தூளில் தினமும் கால் கிராம் குறைந்தது. மாலதி அலமாரியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அப்படியும் குறைந்தது. ரெத்தினத்தை வேலையைவிட்டு நீக்கக் கடிதம் எழுதிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

“தூளை எடுக்குறது நீங்கதானே?”

“சத்தியமா இல்லீங்க மேடம். வேணும்னா கையப் பாருங்க.”

கையுறைகளைக் கழற்றி இரு கைகளையும் விரித்தார். மாலதி விரல்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பத்து இருந்தன. இடது சுண்டுவிரலில் மட்டும் இன்னும் நகம் முளைக்கவில்லை.