வாயால் சொல்லாத பெயர்

படகில் ஒரே குடும்பத்தார் நான்கு பேர். உக்கிரபாண்டி. அவர் மனைவி பொன்னுத்தாய். ஒரே மகன் சடையாண்டி. மருமகள் இந்திராணி. மற்ற இருபது பேரும் அயலார்.

அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் பட்டுப்போய் இன்னும் தண்ணீரில் நின்றன. ஒவ்வோர் உச்சியிலும் ஒரு நீர்க்காகம், சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது.

எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தார்கள். உக்கிரபாண்டி மாட்டவில்லை. வெள்ளை வேட்டி சட்டைக்கு மேல் அந்தக் கோமாளி வேஷம் எதற்கு?

"மாட்டுங்க பெரியவரே," என்றார் படகோட்டி. "மீனுக்கு வெள்ளை வேட்டின்னா மரியாதை தெரியாது."

நாலு பேர் சிரித்தார்கள். அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

அப்பாவைப் பார்த்து மகனும் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டான். அவர் அதைக் கவனித்தார். நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

"யானை! யானை!"

வலது கரையில் ஐந்து. நடுவில் ஒரு குட்டி.

அத்தனை பேரும் எழுந்து வலப்பக்கம் பாய்ந்தார்கள். படகு சாய்ந்து, ஆடி நிமிர்ந்தது. உட்காருங்கள் என்று படகோட்டி கத்தினார். யார் கேட்டது?

உக்கிரபாண்டி எழவில்லை. யானையைக் காணாத பிறவியா அவர்?

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"சடையாண்டி!"

இந்திராணி.

அவருக்குக் காது சுட்டது.

அது அவர் தகப்பனாரின் பெயர். அந்த வீட்டுக்கு வாழவந்த பெண் எவள் வாயிலும் அது வந்ததில்லை. மாமனார் பெயராயிற்றே என்று, பெற்றவளே மகனை 'ராசா' என்றுதான் கூப்பிடுவாள். ஏழு வருடமாக இந்திராணிக்கும் அவன் 'ஏங்க'தான்.

"சடையாண்டி!"

மறுபடியும். இருபது பேர் நடுவில்.

அவர் திரும்பினார். அவளைத்தான் பார்த்தார்.

"வாய மூடு. புருசன் பேரையா ஏலம் போடுற?"

அவள் வாய் மூடிக்கொண்டது.

கை மட்டும் தண்ணீரை நோக்கி நீண்டபடி நின்றது.

அந்தக் கை எதற்கு என்று அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. படகு அதற்காக நிற்கவில்லை.

பின் இருக்கையில் ஜாக்கெட் கிடந்தது.

கரையில் யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை, பட்ட மரம் ஒன்றின் வேரிடுக்கிலிருந்து மகனை எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தங்கை பேச்சியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"புருசன் விழுந்ததப் பாத்தும் ஒரு சத்தம் போடலையாம். அந்தப் பட்ட மரமாட்டம் நின்னாளாம். மனசுல என்ன இருந்துச்சோ? அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிட்ரு அண்ணே."

பல தலைகள் ஆடின.

ஊர் முழுக்க அதே பேச்சுதான். இத்தனை நாளும் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. மறுத்ததில்லை. மறுத்தால் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும்.

சுவரோரம் இந்திராணி தலை நிமிரவில்லை. அவளும் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூடச் சொன்ன வாய்.

உக்கிரபாண்டி எழுந்தார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சபையில் அவர் அப்படி நின்று யாரும் கண்டதில்லை.

"கூப்பிட்டா," என்றார். "பேரச் சொல்லி. ரெண்டு தரம். யானை பாத்தவுகளுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு."