ஏழு வருஷத்து ஒயின்

நிலவறைக் கதவை உள்ளே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் முதலாளி. மலை பங்களா மேனேஜர் கலைவாணன் ஒயின் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“இன்னும் ரெண்டு வருஷம் ஊறட்டுமே, சார்.”

“ஏழு வருஷம் படுக்க வெச்சது போதும்யா. பிரெஞ்சு ஒயினு!”

கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சினார் முதலாளி. கலைவாணன் கதவைப் பார்த்தான். ஓட வழியில்லை.

“அடடா! அந்த ஊர் மண்வாசனை அப்படியே இருக்கு!”

பீட்ரூட் சாற்றில் மண்வாசனைக்கு என்ன குறைச்சல்? போன மாதம் ஒயினை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, பீட்ரூட் சாற்றை ஊற்றித் தக்கையை மெழுகால் மூடியவனே கலைவாணன்தான்.

தப்பித்தோம் என்ற பெருமூச்சோடு அவன் மேலே வந்ததும், காவல்காரர் சின்னப்பையன் ஓரமாக இழுத்தார்.

“மொதலாளி கண்டுபுடிச்சிட்டாருங்களா, சார்?”

“எதை?”

“பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்ப, கருப்பனுக்கு ஃபாரின் சரக்கு படைக்கிறேன்னு வேண்டிக்கினேன். போன வருஷம் ஆடியில அந்த ஒயினை சாமிக்கு ஊத்திட்டு, பாட்டில்ல நாவப்பழச் சாறு ரொப்பி வெச்சிட்டேங்க.”

போன மாதம் அதே பாட்டிலைக் காலி செய்து, போதை தலைக்கேறி நடக்க முடியாமல் கிடந்த கலைவாணனை, கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டவரே இந்தச் சின்னப்பையன்தான்.