பேய்ப்பெட்டி

"இன்னொரு தடவை கூப்பிடுங்க," என்றார் டாக்டர்.

அம்மா கட்டில்மேல் குனிந்து, "கண்ணா, அம்மா வந்திருக்கேன்டா," என்றாள். மகனின் வலது கையருகே முனகிக்கொண்டிருந்த பெட்டி குரலை உயர்த்தி ஓவென்று அழுதது.

தலை கிறுகிறுக்க வைக்கும் அவனுடைய சைகடெலிக் ராக் குழுவின் தெரமின் என்ற மின்வாத்தியம் அது. தொடவே வேண்டாம், அதன் கம்பிக்குப் பக்கத்தில் காற்றில் கையை அசைத்தாலே பாடும். பேய்ப்பெட்டி என்பார்கள் குழுவில். அதைப் பாடவைக்கத் தெரிந்த ஒரே ஆள் பைக்கோடு லாரியில் மோதி, மூச்சுவிடும் வேலையை மெஷினிடம் விட்டுவிட்டுக் கிடந்தான்.

ஒத்திகையெல்லாம் அம்மா வீட்டு ஹாலில்தான் நடக்கும். அம்மா டீ கொண்டுவந்தால் கதவோரமே வைத்துவிட்டுப் போகச் சொல்லி எரிந்து விழுவான். கிட்டே வந்தால் துரைக்குச் சுருதி கெட்டுவிடுமாம்.

இனி அவனிடம் எந்த அசைவும் வராது, இன்றே மெஷினை எடுத்துவிடலாம் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா உடனே கிட்டார்க்காரனுக்குப் போன் போட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். விரல் மயிரிழை நகர்ந்தாலும் அது காட்டிக்கொடுக்கும் என்று டாக்டரிடம் மன்றாடியதும் அவள்தான்.

நர்ஸ் வாசலில் நின்றபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பெட்டி அதே முனகலில் இருந்தது. அம்மா மறுபடி குனிந்து கூப்பிட்டாள், மறுபடி அழுதது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெற்றவள் குரல் உள்ளே எங்கேயோ எட்டுகிறது போல, ஒரு வாரம் மெஷின் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஒரு வாரத்துக்காகத்தான் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருந்தாள்.

கிட்டார்க்காரன் எல்லாவற்றையும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். இந்த நம்பிக்கையோடு அவள் ஒரு வாரம் இந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் தாங்கவில்லை. கடைசியில் அவள் தோளைத் தொட்டான்.

"அம்மா, அவன் கை அசையலைம்மா. யார் உடம்பு கிட்ட வந்தாலும் அது சத்தம் போடும். நீங்க குனியறதாலதான் அழுவுது."

அம்மா திரும்பவில்லை. மகனின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"மெதுவாப் பேசுப்பா, டாக்டர் காதுல விழப்போவுது."